பரோக் திருத்தல ஆலயம் ஒன்றைப் படித்தறிவது எப்படி: செக் நாட்டின் ஸெலெனா ஹோராவை முன்வைத்து

பரோக் காலத்துத் (ஐரோப்பாவில் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஓங்கிய கலைப்பாணியின் காலம்) திருத்தல ஆலயங்கள் வெறும் அலங்காரத்துக்காக எழுப்பப்பட்டவை அல்ல. ஒவ்வொன்றும் ஒரு நிகழ்வை, ஒரு புனிதரை, ஒரு நம்பிக்கையை முன்னிறுத்தி வாதாடும் கட்டடம். எழுத்தறியாத பயணியும் புரிந்துகொள்ளும்படி அந்த வாதம் சுவரிலும் கூரையிலும் சாளரத்திலும் எழுதி வைக்கப்பட்டது. அதைப் படிக்கும் முறையைப் பழகிக்கொள்ள, செக் நாட்டின் ஸ்தார் நாட் சாசவோ நகரத்தை ஒட்டிய ஸெலெனா ஹோரா குன்றின் மீதுள்ள புனித நெப்போமுக் யோவான் ஆலயத்தைவிடப் பொருத்தமான இடம் வேறு இல்லை என்பது என் கருத்து. அளவில் சிறியது, அரை நாளில் சுற்றிவிடலாம், ஆனால் ஒரே ஒரு கருத்தை அடித்தளம் முதல் கூரையின் உச்சி வரை இவ்வளவு கண்டிப்பாகப் பின்பற்றிய கட்டடங்கள் ஐரோப்பாவில் மிகச் சில. 1994 முதல் இது யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக உள்ளது.

புறப்படும் முன் மூன்று கதைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

எந்தத் திருத்தல ஆலயத்துக்கும் பின்னால் மூன்று வரலாறுகள் உண்டு: உண்மையில் நடந்தது, நடந்ததாக மக்கள் நம்பியது, அந்த நம்பிக்கையை வைத்து ஒரு தலைமுறை கட்டியது. இவற்றைக் குழப்பிக்கொண்டால் கட்டடம் புரியாது. எனவே வழிகாட்டி நூலைப் புரட்டும்போதே ஒவ்வொரு செய்தியும் இவற்றில் எதைச் சேர்ந்தது என்று குறித்துக்கொள்வது நல்லது.

நடந்தது இது: செக் நாட்டின் பொஹீமியா வட்டாரத்தின் மேற்கில் உள்ள நெப்போமுக் ஊரைச் சேர்ந்த யோவான், பிராகாப் பேராயர் யென்ஷ்டெய்ன் யோவானிடம் குருமுதல்வராக, அதாவது நிர்வாகத்தில் பேராயரின் பிரதிநிதியாக, பணியாற்றினார். அரசர் நான்காம் வென்சஸ்லாசுக்கும் பேராயருக்கும் இடையே அதிகாரப் போட்டி முற்றியிருந்த காலம் அது. கிளாட்ருபி மடத்தின் தலைவர் பதவியைத் தன் விருப்பப்படி மாற்றியமைக்க அரசர் திட்டமிட்டிருக்க, அதற்கு இடம் கொடாமல் புதிய தலைவரின் நியமனத்தைக் குருமுதல்வர் உறுதிப்படுத்திவிட்டார். சினம்கொண்ட அரசர் அவரைச் சிறைபிடித்துச் சித்திரவதை செய்வித்தார். 1393 மார்ச் 20 அன்று, இன்று சார்லஸ் பாலம் என்று அழைக்கப்படும் பாலத்திலிருந்து யோவான் விள்தவா ஆற்றில் எறியப்பட்டார்.

நம்பியது வேறு. யோவான் அரசியின் பாவசங்கீர்த்தனம் கேட்டு வந்தார் என்றும், அவள் அறிக்கையிட்டதை வெளியிடும்படி அரசர் வற்புறுத்தியபோது வாய்திறக்க மறுத்து உயிர்துறந்தார் என்றும், அவருடைய உடல் கிடந்த நீரின் மேல் ஐந்து விண்மீன்கள் ஒளிர்ந்தன என்றும் பிற்காலத்தவர் சொன்னார்கள். கதை வளர்ந்த போக்கில் ஆண்டும் 1383 என்று மாறியது. 1729இல் புனிதர் பட்டம் வழங்கப்பட்டபோதும் அந்த ஆண்டே கொள்ளப்பட்டது. ஆகவே பழைய சிலைகளின் பீடங்களில் 1383 என்று கண்டால் அதைச் சிற்பியின் பிழை என்று எண்ண வேண்டாம்.

கட்டியது எப்போது என்பதே மூன்றாவது. 1719 ஏப்ரல் 15 அன்று பிராகாவின் புனித வீத்துஸ் பேராலயத்தில் யோவானின் கல்லறை திறக்கப்பட்டது. எலும்புகளோடு அழியாத திசு ஒன்று கிடைத்தது. அது அவருடைய நாக்கு என்று அங்கிருந்தோர் முடிவுசெய்தனர். பாவசங்கீர்த்தன இரகசியத்தைக் காத்த நாக்கு அழியாமல் இருப்பதைவிட வலிய சான்று வேறு என்ன இருக்க முடியும் என்று அந்தத் தலைமுறை கருதியது. அதே ஆண்டிலேயே ஸ்தார் மடத்தின் தலைவர் வாட்ஸ்லாவ் வெய்ம்லுவா, தம் மடத்துக்கு எதிரே உள்ள குன்றில் யோவானுக்கு ஓர் ஆலயம் எழுப்பத் தீர்மானித்தார்.

நாள்களை வரிசையாக வைத்துப் பாருங்கள்: யோவானுக்குப் புனிதர் பட்டத்துக்கு முந்திய படியான அருளாளர் பட்டம் கிடைத்தது 1721 மே 31, ஆலயம் அர்ச்சிக்கப்பட்டது 1722 செப்டம்பர் 27, புனிதர் பட்டம் கிடைத்தது 1729 மார்ச் 19. அதாவது, உரோமை இறுதித் தீர்ப்பு வழங்குவதற்கு ஏறத்தாழ ஆறரை ஆண்டுகளுக்கு முன்பே ஆலயம் நின்றுவிட்டது. ஏற்கெனவே புனிதரான ஒருவருக்குச் செய்த நன்றியாக இதைப் பார்ப்பவர்கள் கட்டடத்தின் அவசரத்தையும் அழுத்தத்தையும் தவறவிடுகிறார்கள். அவரைப் புனிதராக்க வேண்டும் என்று கல்லால் எழுதிய விண்ணப்பமாகவே நான் இதைப் படிக்கிறேன்.

1973இல் அந்தத் திசுவை ஆராய்ந்த மானிடவியல் ஆய்வு, அது நாக்கு அல்ல, மூளைத் திசு என்று காட்டியது. இதை அறிந்தவுடன் ஆலயத்தின் குறியீடு எல்லாம் பொய்த்துவிட்டதாகச் சிலர் எண்ணுவதுண்டு. அந்த முடிவு எச்சத்தின் வரலாற்றைத் திருத்துகிறதேயன்றி ஆலயத்தின் பொருளை மாற்றவில்லை. 1719இல் மக்கள் எதைக் கண்டதாக நம்பினார்களோ அதற்குத்தான் இந்த வடிவம் கொடுக்கப்பட்டது.

யார் கட்டச் சொன்னார், ஏன் இங்கே

கொலை நடந்தது பிராகாவில். பிறந்த ஊர் நாட்டின் மேற்குக் கோடியில். பொஹீமியாவும் மொராவியாவும் சந்திக்கும் எல்லையில் இந்த ஆலயம் ஏன்? விடை மடத்தின் வம்சாவளியில் இருக்கிறது. ஸ்தார் மடம் 1252இல் சிஸ்டெர்சியன் என்ற கத்தோலிக்கத் துறவற சபையினருக்காக நிறுவப்பட்டது; முதல் துறவியர் நெப்போமுக் மடத்திலிருந்து வந்தவர்கள். அந்தத் தாய்மடத்தை 1420இல், சமயச் சீர்திருத்தவாதி யான் ஹுஸைப் பின்பற்றிய ஹுஸ் இயக்கத்தினர் அழித்துவிட்டனர். நெப்போமுக் ஊரை ஒட்டி ஸெலெனா ஹோரா என்ற குன்று ஒன்று உண்டு. ஸ்தார் குன்றுக்கும் அதே பெயர் சூட்டப்பட்டது. அழிந்த தாய்மடத்தின் வாரிசு தம் மடமே என்று வெய்ம்லுவா உரிமை கொண்டாடினார் என்பது இதனால் விளங்கும்.

இன்னும் பரந்த பின்னணியும் உண்டு. 1620இல் சீர்திருத்தத் தரப்பினர் தோற்ற வெள்ளைமலைப் போருக்குப் பின், கத்தோலிக்க அரச வம்சமான ஹாப்ஸ்பர்க்கின் ஆட்சி செக் நாட்டைக் கத்தோலிக்கத்துக்குத் திருப்பியது. 1415இல் எரிக்கப்பட்ட யான் ஹுஸின் நினைவு மக்களிடம் ஆழமாகப் பதிந்திருந்த மண்ணில், அதே பெயருடைய கத்தோலிக்க மறைசாட்சி ஒருவர் தேவைப்பட்டார் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் சுட்டுகிறார்கள். இந்த அரசியலை மறைத்துவிட்டுப் பக்தியை மட்டும் பேசுவதும், பக்தியை மறைத்துவிட்டு அரசியலை மட்டும் பேசுவதும் ஒருசேரக் குறையுடையவை.

வடிவமைத்தவர் யான் பிளாஷெய் சான்டினி ஐஹெல். 1677இல் பிராகாவில் பிறந்தவர். இத்தாலியிலிருந்து வந்து குடியேறிய கட்டடத் தொழிற்குடும்பத்தின் பேரன். உடல் ஊனத்தோடு வாழ்ந்து 1723 டிசம்பரில் 46 வயதில் மறைந்தவர். செட்லெட்ஸ், கிளாட்ருபி ஆகிய பழைய மடாலயங்களைப் புதுப்பிக்கும்போது, இடைக்கால ஐரோப்பாவின் கோத்திக் கட்டடக்கலையின் கூர்வளைவுகளையும் விலா போன்ற கோடுகளையும் பரோக்கின் அசைவோடு கலந்து தமக்கென ஒரு நடையை உருவாக்கினார். அந்தக் கலப்பு வெறும் சுவை சார்ந்ததன்று. ஹுஸ் இயக்கப் போர்களுக்கு முன் மடங்கள் செழித்திருந்த காலத்தோடு அறுபடாத தொடர்ச்சி தங்களுக்கு உண்டு என்று காட்ட விரும்பிய மடாதிபதிகளுக்கு, கூர்வளைவு ஒரு சாட்சிப் பத்திரமாகவே பயன்பட்டது. யோவானின் உயிரைப் பறித்த தகராறுக்குக் காரணமான அதே கிளாட்ருபி மடத்து ஆலயத்தையும் சான்டினியே புதுப்பித்தார் என்பதை இந்த இடத்தில் நினைவில் கொள்ளலாம்.

முதலில் வெளியே சுற்றுங்கள்

ஸ்தார் நாட் சாசவோ, ஹாவ்லீச்கூவ் பிரோட் நகரத்திலிருந்து பெர்னோ செல்லும் இருப்புப்பாதையில் உள்ளது. பழைய மடம் இன்று மாளிகையாக இருக்கிறது. அதன் அருகிலிருந்து குன்றின் மேல் ஏறும் பாதையில் நடந்தே செல்லுங்கள். குளிர்காலத்தில் திறந்திருக்கும் நேரம் குறைவாகையால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. புனிதரின் விழா மே 16. அதை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமையில் கூட்டம் மிகுந்திருக்கும். கட்டடத்தைப் படிக்க வேண்டுமானால் வேறொரு நாளும், ஆலயம் எதற்காகக் கட்டப்பட்டதோ அதைக் காண வேண்டுமானால் அந்த நாளும் உகந்தவை.

வந்தவுடன் ஆலயக் கதவை நோக்கி விரைய வேண்டாம். ஆலயத்தைச் சுற்றித் தாழ்ந்த கூரையோடு ஒரு சுற்று மண்டபம் ஓடுகிறது. நம் கோயில்களின் திருச்சுற்று மாளிகையைப் போலவே இதுவும் நடந்து வணங்குவதற்கும் மழை வெயிலுக்கு ஒதுங்குவதற்கும் ஆனது. தொலைவிலிருந்து வந்த பயணிகள் இங்கே தங்கினார்கள், வழிபாடுகளில் பங்குகொண்டார்கள். இதில் ஐந்து வாயில்களும் ஐந்து சிற்றாலயங்களும் மாறிமாறி அமைந்துள்ளன. சான்டினியின் மறைவுக்குப் பிறகும் இந்த மண்டபப் பணி தொடர்ந்தது. உள்முற்றத்தில் ஒரு முழுச் சுற்று வந்து, ஒவ்வொரு வாயிலின் நேர் எதிரிலும் நின்று ஆலயத்தின் எந்தப் பகுதி தெரிகிறது என்று பாருங்கள். ஒரு வாயிலுக்கு நேரே நட்சத்திரத்தின் ஒரு முனை தெரிந்தால், இரண்டு எட்டு நகர்ந்தவுடன் சுவர் உள்வாங்கி வேறொரு முகம் காட்டுகிறது. முன்பக்கம், பின்பக்கம் என்று சொல்ல முடியாத கட்டடம் இது. எத்திசையிலிருந்து வரும் பயணியையும் அது சமமாக எதிர்கொள்கிறது.

இந்தச் சுற்றை முடித்த பிறகு தள வரைபடத்தைக் கையில் எடுங்கள். மையத்தில் வட்டம், அதிலிருந்து ஐந்து ஐந்தாக இரு தொகுதி ஆரக்கோடுகள் புறப்படுகின்றன, அந்தப் பத்துக் கோடுகளே சுற்று மண்டபம் வரை நீண்டு, சிற்றாலயம் எங்கே, வாயில் எங்கே என்பதைத் தீர்மானிக்கின்றன. இவ்வாறு ஆலயமே ஐந்துமுனை விண்மீனாகிறது: ஆற்றின் மேல் ஒளிர்ந்ததாகச் சொல்லப்பட்ட விண்மீன்.

தள வரைபடத்தைக் குறியீடாகப் படிப்பது நம் காலத்துக் கற்பனையோ என்ற ஐயம் எழுவது இயல்பே. அதற்கு விடை அக்கம்பக்கத்திலேயே இருக்கிறது. இதே வெய்ம்லுவாவின் காலத்தில் எழுந்த ஒபிச்தோவ் ஊர் ஆலயத்தின் தள வரைபடம் ஆமையின் வடிவில் உள்ளது. அன்றைய உருவகங்களில் ஆமை கன்னி மரியாவின் நற்பண்புகளைக் குறித்தது. ஓஸ்திரோவ் நாட் ஓஸ்லவோ ஊரில் சான்டினி அமைத்த விடுதியோ மடாதிபதியின் பெயரின் முதலெழுத்தான இலத்தீன் எழுத்தின் வடிவில் கிடக்கிறது. இந்த மடாதிபதியும் இந்தக் கட்டடக் கலைஞரும் சேர்ந்தபோது தள வரைபடம் என்பதே ஓர் எழுத்தாக மாறியது.

உள்ளே நுழைந்தபின் பார்க்கும் வரிசை

கதவைத் தாண்டியவுடன் மையத்துக்குச் சென்று அண்ணாந்து பாருங்கள். கூரையின் உச்சியில், சுடர் போன்ற கதிர்கள் சூழ, செந்நிற நாக்கு ஒன்று இருக்கிறது. சுற்றிலும் ஏறக்குறைய எல்லாம் வெண்மை. பொன்னையும் வண்ண ஓவியங்களையும் வாரி இறைத்த தென் ஜெர்மனியின் பவேரிய ஆலயங்களைப் பார்த்துப் பழகியவருக்கு இந்த வெறுமை ஏமாற்றமாகக்கூடத் தோன்றலாம். ஆனால் இந்த வெண்மையே அந்த ஒரு சிவப்புக்கு அவ்வளவு வலிமை தருகிறது. வேறு எந்தப் படமும் கண்ணைப் பங்கிட்டுக்கொள்ளாததால் பார்வை அங்கேயே போய் நிற்கிறது. உடலின் ஓர் உறுப்பை, அதுவும் பேசும் உறுப்பை, வானத்தின் இடத்தில் வைத்தது துணிச்சலான செயல். உச்சியைத் தெளிவாகப் பார்க்க ஒரு சிறிய இருநோக்கியை எடுத்துச் செல்வது உதவும்.

அடுத்து, பார்வையை மெல்லக் கீழே இறக்குங்கள். கூரை தொடங்கும் இடத்தில் ஒரு மாடம் முழு வெளியையும் சுற்றி ஓடி, மேலுலகையும் கீழுலகையும் பிரிக்கிறது. மைய வெளி ஐந்து மாடக்குழிகளாகத் திறந்துகொள்கிறது. அவற்றில் நான்கு நடுவில் தளமிட்டு இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்க, கிழக்கில் உள்ள ஐந்தாவது மட்டும் முழு உயரத்துக்கும் திறந்து தலைமைப் பீடத்துக்கு இடம் கொடுக்கிறது. வெளியே எல்லாத் திசைகளும் சமம் என்று சொன்ன கட்டடம், உள்ளே வந்ததும் ஒரு திசையைத் தேர்ந்தெடுக்கிறது. இந்த முரணை உணர்வதற்காகத்தான் முதலில் வெளியே சுற்றச் சொன்னேன்.

தலைமைப் பீடத்தில் புனிதர் ஒரு பெரிய உருண்டையின் மீது நிற்கிறார்; உருண்டையில் ஐந்து விண்மீன்கள்; தேவதூதர்கள் அதைத் தாங்குகிறார்கள். மண்ணுலகில் ஆற்றில் எறியப்பட்டவர் விண்ணுலகில் உயர்த்தப்படும் காட்சி இது. வடிவமைப்பு சான்டினியுடையது, செதுக்கியவர் யான் பாவெல் செக்பௌவர். பக்கப் பீடங்கள் நான்கும் நான்கு நற்செய்தியாளர்களுக்கு உரியவை. நான்கு நற்செய்தியாளர்களோடு ஐந்தாவதாக யோவானை நிறுத்தியதை நான் மிகவும் கருத்தோடு பார்க்கிறேன்: இறைவார்த்தையைச் சொல்லிச் சாட்சியானவர்கள் நால்வர், சொல்லாமல் இருந்து சாட்சியானவர் ஒருவர்.

பிறகு சாளரங்கள். உயர்ந்து கூராக முடியும் சாளரங்கள் கோத்திக் மரபைச் சேர்ந்தவை. அதேநேரம் நாக்கின் வடிவையும் நினைவூட்டுகின்றன. வளைந்த பக்கங்களுடைய முக்கோணச் சாளரங்கள் மூவொரு கடவுளைச் சுட்டுவன என்று கொள்வது வழக்கம். ஒளி எங்கிருந்து வருகிறது என்பதையும் கவனியுங்கள். மாடங்களுக்குப் பின்னாலிருந்து வரும் ஒளி சுவரில் பட்டுத் திரும்பியே நம்மை அடைவதால், கட்டடத்தின் கனம் குறைந்தாற்போல் இருக்கும். காலையில் ஒருமுறை, பிற்பகலில் ஒருமுறை என்று இரு வேளைகளிலும் உள்ளே நின்று பார்ப்பவருக்கே இது பிடிபடும்.

எண்களைப் படிக்கும்போது எங்கே நிறுத்துவது

இத்தகைய ஆலயங்களில் எண்ணத் தொடங்கியவர் நிறுத்துவது கடினம். எனவே ஓர் உரைகல் வேண்டும். அந்த எண் ஆலயம் கட்டப்படுவதற்கு முன்பே வேறிடத்தில் புனிதரோடு இணைந்திருந்ததா என்று கேளுங்கள். சார்லஸ் பாலத்தில் 1683இல் நிறுவப்பட்ட யோவானின் வெண்கலச் சிலையில் தலையைச் சுற்றி ஐந்து விண்மீன்கள் ஏற்கெனவே உண்டு. ஆகவே ஸெலெனா ஹோராவின் ஐந்து என்ற எண் ஐயத்துக்கு இடமில்லாதது. கிறிஸ்துவின் ஐந்து காயங்களை அதனோடு சேர்ப்பதும் பரோக் கால இறைவழிபாட்டுக்கு இயல்பானதே. மௌனம் காத்தேன் என்று பொருள்படும் இலத்தீன் வினைச்சொல் ஐந்து எழுத்துகளால் ஆனது என்ற விளக்கமும் அன்றைய கற்றோரின் சுவைக்கு ஒத்துவருகிறது.

அதற்கு அப்பால் கவனம் தேவை. யோவான் 53 வயதில் இறந்தார் என்ற மரபுக் கணக்கை எடுத்துக்கொண்டு, ஆலயத்தில் காணும் ஐந்துகளையும் மூன்றுகளையும் அதோடு பொருத்துவோர் உண்டு. பிறந்த ஆண்டே உறுதியாகத் தெரியாத ஒருவருக்கு இந்தக் கணக்கு எவ்வளவு தாங்கும் என்று யோசித்தே ஏற்க வேண்டும். எண் கிடைத்துவிட்டது என்பதாலேயே பொருள் கிடைத்துவிட்டதாக ஆகாது.

காலம் செய்த மாற்றங்களைக் கழித்துப் பாருங்கள்

இன்று காண்பது முழுவதும் 1722இல் இருந்ததன்று. 1784இல் பேரரசர் இரண்டாம் யோசேப்பு மடங்களை மூடிய அலையில் ஸ்தார் மடமும் மூடப்பட்டது. அதே ஆண்டு நேர்ந்த தீவிபத்தில் ஆலயம் சேதமுற்றது. பயணிகளின் வருகையை அரசு விரும்பாத காலமாகையால் ஆலயத்தை இடித்துவிடும் எண்ணம் இருந்தது. சுற்றுவட்டார மக்கள் விட்டுக்கொடுக்கவில்லை. கல்லறைத் தோட்ட ஆலயமாகப் பயன்படுத்துவது என்ற ஏற்பாட்டில் அது தப்பியது. பயணிகள் சுற்றிவந்த முற்றம் அதன்பின் ஊராரைப் புதைக்கும் இடமாயிற்று. தீக்குப்பின் போடப்பட்ட கூரைகளின் வடிவமும் மாறியது. ஆகவே வெளிப்புறக் கூரைக்கோட்டை வைத்துச் சான்டினியை எடைபோடாதீர்கள். சுவர்களும் உள்வெளியும் தள வரைபடமும் அவருடையவை, அவற்றை நம்பலாம்.

இதே முறையை வேறிடத்தில் பயன்படுத்த

ஸெலெனா ஹோராவில் பழகிய முறை எங்கும் உதவும். முதல் கேள்வி எப்போதும் ‘இங்கே என்ன நடந்ததாக நம்பப்பட்டது’ என்பதுதான். பவேரியாவின் வீஸ் ஆலயத்துக்குச் சென்றால், 1738 ஜூன் 14 அன்று கசையடி பெற்ற மீட்பரின் எளிய மரச்சிலையில் கண்ணீர் காணப்பட்டதாகச் சொல்லப்பட்டதிலிருந்து தொடங்குங்கள். டொமினிக்குஸ் சிம்மர்மன் 1745 முதல் 1754 வரை எழுப்பிய அந்தப் பொன்னொளி அனைத்தும் அந்தச் சிலைக்குக் கட்டிய கூடு.

ஜெர்மனியின் பிராங்கோனியா வட்டாரத்திலுள்ள பதினான்கு புனிதர் திருத்தலம் இன்னும் நல்ல பயிற்சி. 1445இல் ஓர் இடையருக்குக் குழந்தை ஒன்று காட்சி தந்ததாகச் சொல்லப்படும் இடம் அது. 1743இல் அடிக்கல் நாட்டிய பின், வேலையை மேற்பார்வையிட்டவர் கட்டடக் கலைஞர் பால்தாசர் நோய்மனின் திட்டத்திலிருந்து விலகிப் பீடப்பகுதியைக் கட்டிவிட்டதால், காட்சி நடந்த இடம் ஆலயத்தின் நீள வெளியும் குறுக்கு வெளியும் சந்திக்கும் மையத்தில் விழாமல் போயிற்று. இடத்தை நகர்த்த முடியாது. எனவே நோய்மன் ஆலயத்தையே மாற்றினார். நீள்வட்டங்களை ஒன்றோடொன்று பின்னி, காட்சி நடந்த இடத்தைக் குறிக்கும் அருட்பீடம் மக்கள் நிற்கும் நடுவெளியின் மையத்தில் வருமாறு செய்தார். தள வரைபடத்தை மட்டும் பார்ப்பவருக்கு அந்த நீள்வட்டங்கள் பரோக்கின் விளையாட்டாகத் தோன்றும். அங்கே சென்றால் முதலில் அருட்பீடத்தை நாற்புறமும் சுற்றிவந்து, காட்சி நடந்த இடம் எது என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். அதன்பின் கூரையை நோக்கினால் ஒவ்வொரு வளைவும் ஏன் அந்த இடத்தில் திரும்புகிறது என்பது தெரியும்.